டாக்சிசைக்ளினும் உலோக அயனிகளும்

டாக்சிசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த, பாக்டீரியா தொற்றுகளுக்கான மருந்து; நான்கு வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு. அதன் ஒரு விளிம்பில் வரிசையாக அமர்ந்திருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் மக்னீசியம், கால்சியம், இரும்பு அயனிகளை இறுகப் பற்றிக்கொள்ளும். இந்த மருந்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்தப் பிடியில்தான் இருக்கின்றன.

பாக்டீரியாவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் 30எஸ் எனும் சிறிய துணையலகோடு மக்னீசியம் வழியாகவே இது ஒட்டுகிறது. அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ.வுக்கு இடமில்லாமல் போகிறது. புரத உற்பத்தி முடங்க, கிருமி பெருகாமல் நிற்கும். மிச்சத்தை உடலின் எதிர்ப்பாற்றல்தான் முடிக்க வேண்டும். செல்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா எனும் பாக்டீரியாவிடம், செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் பலிக்காது, இது பலிக்கும். செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிளமிடியாவையும் ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியையும் எட்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா, புரோட்டியஸ் மிராபிலிஸ் ஆகிய பாக்டீரியாக்கள் இயல்பிலேயே தப்பிவிடும்.

ஒரு கிருமி இந்த மருந்துக்கு வசப்படுமா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கு 4 மி.மீ. தடிமனுள்ள முல்லர்-ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் ஊடகம்), அதில் பூச 0.5 மெக்ஃபார்லண்ட் எனும் நிர்ணயித்த அளவுக் கலங்கலுள்ள கிருமிக் கரைசல், மேலே வைக்க 30 மைக்ரோகிராம் மருந்துள்ள டிஸ்க், 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம். டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத தடுப்பு வட்டம் சிறுத்தால் உடனே கிருமியின் மேல் பழி போடாதீர்கள். அகாரில் கால்சியமோ மக்னீசியமோ மிகுந்திருந்தாலும் வட்டம் சுருங்கும். அகாரின் பி.எச். (அமில-கார அளவு) 7.2-க்குக் கீழே இறங்கினால் பொய்யாக விரியும். அதனால்தான் ஏ.டி.சி.சி. 25922 எனும் தரக்கட்டுப்பாட்டு ஈ.கோலை பாக்டீரியாவையும் கூடவே வைத்துப் பார்க்கிறார்கள்: அதன் வட்டம் 18–24 மி.மீ.க்குள் இல்லையென்றால் அன்றைய முடிவுகளை வெளியிடக் கூடாது. டெட்ராசைக்ளினுக்கு வசப்படும் கிருமி இதற்கும் வசப்படும். அதை எதிர்க்கும் கிருமியோ இதையும் எதிர்க்கும் என்று சொல்ல முடியாது. தனியாகச் சோதிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 100 மி.கி., நாளுக்கு இருமுறை. பெருமளவு குடல் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. பாலிலுள்ள கால்சியம் மருந்தின் உறிஞ்சுதலைக் கொஞ்சம்தான் குறைக்கும். அமில முறிவு மருந்துகளை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிச் சாப்பிடலாம். இரும்பு மாத்திரைதான் பெரிய தொல்லை: இரத்தத்திலிருந்து குடலுக்குத் திரும்பிவரும் மருந்தையும் அது பிடித்துக்கொள்வதால், டாக்சிசைக்ளினை ஊசியாகப் போட்டாலும் அதன் அரை ஆயுள் (இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) குறையும். சிகிச்சை முடியும்வரை இரும்பை நிறுத்திவைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

உலோகத்தோடு சம்பந்தமில்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. உணவுக்குழாயில் சிக்கிய மாத்திரை கரைந்து அமிலக் கரைசலாகிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.