நம் கணினியில் ஓடிய செயலி சர்வரில் ஏன் படுத்துவிடுகிறது?

சொந்தக் கணினியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வலைச்செயலி, சர்வரில் ஏற்றியதும் படுத்துவிடும். உடனே நிரலைத் திறந்து கண்ட இடத்தில் கை வைக்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிரல் அப்படியேதான் இருக்கிறது. மாறியிருப்பது அதைச் சுற்றியுள்ள சூழல். முதலில் தெரிய வேண்டியது, பிரவுசரிலிருந்து கிளம்பிய கோரிக்கை எதுவரை போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

சொந்தக் கணினியில் பிரவுசர் நேராகச் செயலியிடமே பேசும். சர்வரில் பெரும்பாலும் நடுவே என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு வெப் சர்வர் உட்கார்ந்திருக்கும். 443ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கணினிக்குள் நுழைய எண்ணிட்ட ஒரு வாசல் மாதிரி) கோரிக்கையை வாங்கி, உள்ளே 8000, 3000 என்று ஏதோ ஒரு போர்ட்டில் ஓடும் செயலியிடம் அது தள்ளிவிடும். 500 என்ற பிழை வந்தால், பெரும்பாலும் கோரிக்கை செயலி வரை போய் அங்கே உடைந்திருக்கிறது. 502 என்றால் வெப் சர்வர் நலம். பின்னாலிருக்கும் செயலியிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை. 504 என்றால் செயலி தாமதிக்கிறது. தனியாக மாற்றி வைக்காவிட்டால் என்ஜின்எக்ஸ் 60 நொடிதான் பொறுத்திருக்கும்.

இதில் 502தான் பலரை அலைக்கழிப்பது. என்ஜின்எக்ஸின் எரர் லாகை, அதாவது பிழைகளைக் குறித்து வைக்கும் கோப்பை, திறந்து கடைசி சில வரிகளைப் பாருங்கள். லினக்ஸில் 111 என்ற எண்ணோடு 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று இருந்தால், அந்த போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க யாருமே இல்லை. செயலி கிளம்பவே இல்லை, அல்லது வேறு போர்ட்டில் கிளம்பியிருக்கிறது. 13 என்ற எண்ணோடு 'பெர்மிஷன் டினைடு' என்று இருந்தால் கதை வேறு: செயலி ஓடிக்கொண்டே இருக்கலாம், அதைத் தொட வெப் சர்வருக்கு அனுமதி இல்லை. திரையில் இரண்டுக்கும் ஒரே 502தான். லாகைப் படிக்காமல் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

சரி, செயலி ஏன் கிளம்பவில்லை? கையால் ஓட்டினால் ஓடுகிறது, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி மூலம் ஓட்டினால் விழுகிறது என்றால் சூழல் மாறிகளை, அதாவது செயலிக்கு வெளியிலிருந்து தரப்படும் அமைப்பு மதிப்புகளை, சந்தேகப்படுங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை உங்கள் ஷெல்லின் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) தொடக்கக் கோப்பில் எழுதி வைத்திருப்பீர்கள்; சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. செயலியை எப்படி ஓட்ட வேண்டும் என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பிலேயே அந்த மாறிகளைக் கொடுத்துவிட வேண்டும்.

சில படங்கள் மட்டும் 404 (கிடைக்கவில்லை) தந்தால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் அதைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது; லினக்ஸ் விடாது. 403 (அனுமதி மறுப்பு) வந்தால் கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு மேலுள்ள ஒவ்வொரு அடைவுக்குள்ளும் வெப் சர்வர் நுழைய முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுவிடுவது தீர்வே இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதிவிட்டுப் போகலாம் என்று கதவைத் திறந்து வைப்பது அது.

அப்புறம், பக்கம் தன்னையே சுற்றிச் சுற்றி வரும் ரீடைரெக்ட் கோளாறு. பிரவுசருக்கும் என்ஜின்எக்ஸுக்கும் நடுவே மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ். ஆனால் என்ஜின்எக்ஸ் செயலியிடம் பேசுவது வெறும் எச்டிடிபியில். செயலியோ "எச்டிடிபிஎஸ்ஸில் வா" என்று திருப்பி அனுப்புகிறது. பிரவுசர் ஏற்கெனவே அதில்தான் இருக்கிறது, மறுபடி வருகிறது, மறுபடி அதே பதில். வெளியே நடந்தது எச்டிடிபிஎஸ்தான் என்று சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ' தலைப்பை (கோரிக்கையோடு கூடவே போகும் குறிப்பு, ஹெடர்) என்ஜின்எக்ஸ் சேர்த்து அனுப்ப வேண்டும். அதை நம்பும்படி செயலியிலும் அமைக்க வேண்டும். ஆனால் அந்தத் தலைப்பை வெளியிலிருந்து யாரும் போலியாக அனுப்பலாம். அதனால் நம் வெப் சர்வர் வழியாக வருவதை மட்டும் நம்பச் சொல்லுங்கள். செயலியின் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீர்கள்.