சாவியைக் கொடுப்பதற்கு முந்தின நாள்

கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று என்னிடம் சட்ட யோசனை கேட்டுப் போன வாரம் வந்தவர் இந்த வருடத்தில் ஏழாவது ஆள். தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பழைய ஷாப்பிங் காம்ப்ளக்ஸில், முதல் மாடியில், படி ஏறியதும் இடது கைப் பக்கம் இரண்டாவது கடைமுறி. 22 வருடமாக அங்கேதான். இப்போது அந்தக் காம்ப்ளக்ஸை இடித்துவிட்டுப் புதிய மால் கட்டப் போகிறார்கள். பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். 20 ரூபாய் முத்திரைத்தாள். "மேற்படி கடையை என் சுயவிருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் காலி செய்து, சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன். இனி மேற்படி கடையில் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை." கீழே அவருடைய கையெழுத்து, இரண்டு சாட்சிகள்.

"புது மால்ல கீழ்த்தளத்துலயே கடை தாறோம்னு சொன்னாங்க சாறே. எப்ப கேட்டு நோட்டீஸ் விடலாம்?"

அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். புது மால் என்ற சொல்லே அதில் இல்லை. கீழ்த்தளம் இல்லை. அவர் கொடுத்த அட்வான்ஸ் பற்றி ஒரு வரி இல்லை. எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "ஓனர் வாயால சொன்னாரு. நல்ல மனுஷன், எனக்க மகள் கல்யாணத்துக்குக்கூட வந்தாரு" என்றார்.

நல்ல மனிதராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் அந்த இடத்தை விற்றால்? அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பாகம் பிரித்தால்? வாங்கியவரும் வாரிசுகளும் அக்காவின் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் இரண்டு மழைக்காலம் உண்டு. தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். முப்பது வருடத்துக்கு முன் கட்டிய காம்ப்ளக்ஸ்களில் மொட்டை மாடித் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பாளம் பாளமாக உதிர்வதை நானே பார்த்திருக்கிறேன். படிக்கட்டு முழுக்க அட்டைப் பெட்டி, வயர் எல்லாம் வெளியே தொங்கும், நடு முற்றத்தில் வெளிச்சமே வராது. திருவனந்தபுரத்தில் 2021 டிசம்பரில் லுலு மால் திறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் இங்கிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே போகிறார்கள். இடத்தின் உரிமையாளர் புதிதாகக் கட்ட நினைப்பதில் நியாயம் இருக்கிறது. தலைக்கு மேல் சிலாப் விழப்போகிற கட்டடத்தில் "நான் நகர மாட்டேன்" என்று உட்கார்ந்திருப்பவர்களையும் நான் திட்டித்தான் அனுப்புகிறேன். காலி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் காலி செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இனி, ஏழு பேரும் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். "இடிச்சுக் கட்டினா பழைய வாடகைக்காரனுக்குத்தானே முதல் உரிமை? எனக்க மச்சானுக்குப் பாறசாலையில கெடச்சுதே!"

கிடைத்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. பாறசாலை கேரளத்தில் இருக்கிறது. அங்கே நடப்பது 1965-ஆம் வருடத்துக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் 11-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவில், மறுகட்டுமானத்துக்காக வெளியேற்றப்பட்ட வாடகைதாரருக்குப் புதுக் கட்டடத்தில் முதல் வாய்ப்பு தர வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. அவர் அதற்கு நியாய வாடகை கொடுக்க வேண்டும். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. கேரளத்தில் அந்தச் சட்டம் வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே நாம் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேயும் இங்கேயும்தான். ஆனால் எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் வாடகைச் சட்டம் வேறு. பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் மச்சானுக்குக் கிடைத்த உரிமை உங்களுக்குக் கிடையாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மச்சானுக்கு அது சும்மா கிடைக்கவில்லை. அங்கே உரிமையாளர் நீதிமன்றத்துக்குப் போய், கட்டடம் மறுகட்டுமானம் தேவைப்படும் நிலையில் இருக்கிறது, கையில் பிளானும் அனுமதியும் இருக்கிறது, கட்டி முடிக்கும் சக்தி இருக்கிறது, ஆளை வெளியேற்ற இது சாக்கு இல்லை என்று நீதிமன்றம் நம்பும்படி காட்ட வேண்டும். அதன் பிறகு உத்தரவு வாங்கி வெளியேற்றினால்தான் அந்த முதல் வாய்ப்பு என்ற பேச்சே வரும். சிரித்துக்கொண்டே சாவியை நீட்டிவிட்டு வந்தவர், கேரளத்திலேயே அதைக் கேட்டு வாங்கப் படாத பாடுபட வேண்டும்.

சரி, நமக்கு என்ன இருக்கிறது? பெரியவர்கள் பலர் தமிழ்நாட்டின் 1960-ஆம் வருட வாடகைச் சட்டத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் இடிக்கப் போகிறேன் என்று கேட்கும் உரிமையாளர், இடம் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்குவேன், மூன்று மாதத்துக்குள் முழுவதும் இடிப்பேன் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவில், இடித்துக் கட்டுவது காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். திரும்ப உள்ளே வருவது எப்போது? இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு, புதிய வாடகை ஒப்பந்தம் எழுதி, அதை இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்திருந்தால் மட்டும். எழுதவில்லை என்றாலோ, எழுதியும் தாக்கல் செய்யவில்லை என்றாலோ திரும்ப வர வழியில்லை. 22 வருடம் இருந்தேன், 40 வருடம் இருந்தேன் என்பது அந்த இடத்தில் எடுபடாது.

இதைவிட மோசமான இன்னொரு வாசல் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததே, அதே 21-ஆம் பிரிவில் காலி செய்யச் சொல்வதற்கு முதல் காரணம். "நாங்க வாய்ப்பேச்சுதான், நம்பிக்கைதான்" என்று பெருமையாகச் சொல்லும் வாடகைதாரர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அப்படி இருப்பவர்களிடம் உரிமையாளர் இடிக்கப் போகிறேன் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே போய் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். வாயால் கேட்டு விட்டுவிடாமல் கடிதமாகக் கொடுங்கள். அவர் எழுத மறுத்தால், நீங்கள் கேட்டதற்காவது அத்தாட்சி கையில் இருக்கும்.

நகராட்சிக்குச் சொந்தமான கடைகள், கோயில் இடத்துக் கடைகள் இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே இருப்பவர்களுக்கு வேறு விதிகள். அதை இன்னொரு முறை எழுதுகிறேன்.

இந்த ஏழு பேரில் நான்கு பேர் கடையைக் காலி செய்தது சட்டத்தால் அல்ல, இருட்டால். முதலில் நடைபாதை விளக்கு எரியாது. "பியூஸ் போயிருக்கு, பாக்கிறோம்" என்பார்கள். அப்புறம் கழிப்பறையில் தண்ணீர் வராது. அப்புறம் மேல் மாடிப் படிக்கட்டில் செங்கல் குவியும். வாடிக்கையாளர் ஏறி வர மாட்டார். மூன்று மாதத்தில் தானாகவே சாவி கைமாறிவிடும். தையல்கார அக்கா கடைசி இரண்டு மாதம் செல்போன் வெளிச்சத்தில்தான் ஊசியில் நூல் கோத்திருக்கிறார். அவருக்கு இப்போது 58 வயது. ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை, இது சட்டப்படி தடை செய்யப்பட்ட காரியம் என்று. தண்ணீர், மின்சாரம், நடைபாதையிலும் படிக்கட்டிலும் விளக்கு, துப்புரவு, இவை எல்லாம் அத்தியாவசிய சேவை. 20-ஆம் பிரிவுப்படி உரிமையாளர் இவற்றை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்கலாம். விளக்கு அணைந்த அன்றைக்கே தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. "கரண்டு தரல, நான் ஏன் வாடகை தரணும்" என்று கேட்பது நியாயமாகத் தெரியும். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் விட்டால், உங்களை வெளியே அனுப்ப அவருக்கு நீங்களே ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறீர்கள். கையில் வாங்க மறுத்தால் அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ரசீது இல்லாமல் கையில் ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கத்தை இந்த மாதத்தோடு விட்டுவிடுங்கள்.

இடம் கைமாறினால் பயப்பட வேண்டாம். வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். உங்கள் வாடகை உரிமை அதனால் முறிந்து போவதில்லை. அட்வான்ஸ் விஷயத்தில்தான் ஆளை அலைய விடுவார்கள். பழையவர் "வாங்கினவங்ககிட்ட கேளு" என்பார், புதியவர் "யார்கிட்ட கொடுத்தியோ அவர்கிட்ட வாங்கு" என்பார். இரண்டு பேர் பெயரையும் போட்டு ஒரே நோட்டீஸ் அனுப்புங்கள். ஒருவரை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் அனுப்புவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

திரும்ப வருவதற்கான ஒப்பந்தம் எழுதினால் என்ன எழுத வேண்டும்? "புதிய கட்டடத்தில் ஒரு கடை தரப்படும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போகாதீர்கள். ஒரு கடை என்றால் நான்காவது மாடியில் லிப்டுக்குப் பின்னால் 60 சதுர அடியும் ஒரு கடைதான். எந்தத் தளம், எத்தனை சதுர அடி, எந்தப் பக்கம் வாசல், பிளானில் கடை எண் என்ன, வாடகை எவ்வளவு அல்லது எந்தக் கணக்கில் போடுவார்கள், எந்தத் தேதிக்குள் தருவார்கள், தாமதம் ஆனால் மாதம் எவ்வளவு நஷ்டஈடு, பழைய அட்வான்ஸ் திரும்ப வருகிறதா புதுக் கடைக்குக் கணக்காகிறதா, எல்லாம் வேண்டும். இடத்தின் உரிமையாளர், கட்டுகிற பில்டர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுகளையும் வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும் என்ற வரி வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகைக் காலம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிய வேண்டும். நோட்டரி முத்திரை குத்தினால் பதிவு ஆகிவிடாது. இதை நான் எத்தனை ஆயிரம் முறை சொன்னேனோ தெரியாது, இன்னமும் சிவப்பு முத்திரையைக் காட்டி "ரிஜிஸ்டர் பண்ணியாச்சு" என்கிறார்கள்.

சிலரிடம் "வாடகை எதற்கு, புது மாலில் கடையை விலைக்கே வாங்கிக்கோ" என்று முன்பணம் கேட்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் அந்தத் திட்டத்துக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டி விற்பவர் பதிவு செய்யாமல் முன்பணம் வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும், விற்பனை ஒப்பந்தத்தைப் பத்திரமாகப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

கடைக்காரர்களைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. ஒரு காம்ப்ளக்ஸ் மூடினால் முதலில் வேலை போவது அங்கே துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் நிற்கும் பெண் பிள்ளைகளுக்குத்தான். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த வேண்டும் என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. கடைக்காரர்களே, நீங்கள் உரிமையாளரிடம் நியாயம் கேட்கும்போது, உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதே நியாயத்தைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் வாசலில் இருப்பவர்கள். தோவாளைப் பூ விற்கும் அம்மா, சாவி வெட்டுகிறவர், சாயா தட்டுக்கடை. இடிப்பு வேலைக்குத் தகரம் அடித்ததும் அவர்களைத் துரத்திவிடுகிறார்கள். 2014-ஆம் வருடத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது, இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். நகராட்சியில் அடையாள அட்டை வாங்கியிருக்கிறீர்களா என்று பூக்காரம்மாவிடம் நானே கேட்டேன். இல்லை என்றார். வாங்குங்கள் அம்மா.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள். நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். தையல்கார அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் பஸ் ஏறி வந்திருப்பேன் என்றார்.

அவருடைய அட்வான்ஸைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அது திரும்ப வரும் என்று நம்புகிறேன். கீழ்த்தளத்துக் கடையைப் பற்றி அவருக்கு என்னால் ஒரு வாக்குறுதியும் கொடுக்க முடியவில்லை. இப்போது வீட்டுத் திண்ணையில் மிஷினைப் போட்டிருக்கிறார். அதே காம்ப்ளக்ஸில் இன்னும் பதினொரு பேர் சாவியைக் கொடுக்கவில்லை. அவர்கள் எல்லாரையும் இந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஒரே இடத்தில் கூட்டி வருவதாக அவரே சொல்லியிருக்கிறார். வாடகை ரசீது, கரண்டு பில், அட்வான்ஸ் கொடுத்த சீட்டு, எது இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். புதிதாக யாராவது ஒரு தாளை நீட்டினால், அதை முதலில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வியாழக்கிழமைக்கு முன் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.