தெருவுக்கு என்ன வேண்டும் என்று தெருக்காரர்களே முடிவு செய்வது எப்படி?

நகராட்சி பட்ஜெட்டில் ஒரு சிறு தொகையைத் தனியாக எடுத்துவைத்து, அதை எதற்குச் செலவழிப்பது என்று அந்தப் பகுதி மக்களிடமே விட்டுவிடுவதுதான் பங்கேற்பு பட்ஜெட். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல் தொடங்கியது. நியூயார்க்கில் 2011இல் நான்கு கவுன்சிலர்கள் தங்கள் நிதியிலிருந்து ஒதுக்கி ஆரம்பித்தார்கள். பாரிஸுக்கு 2014இல் வந்தது. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் முதலில் யோசனை கேட்பார்கள், அப்புறம் அதிகாரிகள் அவற்றைச் சலித்தெடுப்பார்கள், தேறியவற்றை வாக்குக்கு விடுவார்கள்.

எல்லோரும் வாக்கெடுப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் உங்கள் யோசனையின் தலையெழுத்து பெரும்பாலும் அதற்கு முன்பே, சலிக்கும் கட்டத்திலேயே எழுதப்பட்டுவிடும்.

அங்கே முதல் கேள்வி, இடம் யாருடையது என்பது. ரயில்வே நிலத்திலோ தனியார் மனையிலோ நகராட்சி கை வைக்க முடியாது. அடுத்தது செலவின் வகை. பல நகரங்களில் இந்தப் பணம் கட்டுமானத்துக்கு மட்டும்தான். பூங்காவில் விளக்குக் கம்பம் கேட்கலாம், காவலாளிக்குச் சம்பளம் கேட்க முடியாது. மூன்றாவதாக மதிப்பீடு. பாதசாரிகள் கடக்கும் இடத்தைச் சற்று உயர்த்தினால் போதும் என்று நாம் நினைப்போம். மழைநீர் வடிகாலையும் மாற்ற வேண்டும் என்று பொறியாளர் சொன்னதும் தொகை எங்கோ போய்விடும்.

அதனால் யோசனையை எழுதும்போதே குறிப்பாக எழுதுங்கள். ‘எங்கள் பகுதியில் நடைபாதை சரியில்லை’ என்றால் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். ‘பள்ளி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடைபாதை இல்லை, சக்கர நாற்காலி ஏறச் சரிவும் இல்லை’ என்றால் கோப்பு நகரும். சில ஊர்களில் குடியிருப்பவர்களே தன்னார்வலராகச் சேர்ந்து, அதிகாரிகளோடு உட்கார்ந்து யோசனைகளைத் திட்டமாக மாற்றலாம். ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஓட்டுக் கேட்டு அலைவதைவிட அந்தக் கூட்டத்துக்குப் போவதே மேல் என்பேன்.

யார் வாக்களிக்கலாம்? வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பாரிஸில் அங்கே வசித்தால் போதும், வயதும் குடியுரிமையும் தடையில்லை. பாஸ்டனில் 2014இல் 10 லட்சம் டாலரை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்தவர்கள் 12 முதல் 25 வயது வரையிலான இளையவர்கள்.

ஒரு குறை உண்டு. ஆள் திரட்டத் தெரிந்த, ஓய்வு நேரம் உள்ள பகுதிகளே ஜெயித்துக்கொண்டிருக்கும். இதைச் சமாளிக்கத்தான் போர்ட்டோ அலெக்ரேயில் நிதியைப் பங்கிடும்போது வசதி குறைந்த பகுதிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள்.

வாக்கு அதிகம் பெற்ற வரிசையில், பணம் தீரும்வரை திட்டங்கள் தேர்வாகும். ஜெயித்த மறுவாரமே வேலை தொடங்காது. வரைபடம், டெண்டர் என்று இழுத்து, ஒரு சாதாரண நடைபாதைக்கே இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். எந்தத் துறை செய்கிறது, கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இடையிடையே கேட்டுக்கொண்டே இருங்கள். தோற்ற யோசனையையும் தூக்கிப்போட வேண்டாம். மதிப்பீடு தயாராக இருப்பதால் கவுன்சிலர் வேறு நிதியில் எடுத்துச் செய்யலாம், அல்லது அடுத்த சுற்றில் மறுபடி கொடுக்கலாம்.