பின்கட்டுக் கதவில் சிக்கிய மாத்திரை

காரைக்குடியில் எதிர்வீட்டு ஆச்சிக்கு மனச்சிதைவு நோய். பல வருடமாக ஹாலோபெரிடால் சாப்பிட்டு நன்றாகவே இருந்தார். போன சித்திரையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் வாந்தியும். மருந்துக்கடையில் சொல்லி வயிற்றுப்போக்குக்கு சிப்ரோஃப்ளாக்சசினும் வாந்திக்கு ஒன்டான்செட்ரானும் வாங்கி வந்தார் மகன். மறுநாள் காலை பட்டாலைத் தூணைப் பிடித்து எழுந்தவர், கண் இருட்டிச் சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜி தாளை என்னிடம் நீட்டி, "பைத்தியத்துக்குக் குடுத்த மாத்திரைதான் கெடுத்துருச்சாண்ணே?" என்று கேட்டார் மகன். நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி ஆமாம், பாதி இல்லை என்றேன்.

ஈசிஜி தாளும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மாதிரி கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். வழக்கமான வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். ஒவ்வொரு துடிப்பிலும் ஊசி போல ஓர் உச்சம், அப்புறம் அகலமான ஒரு குன்று. ஊசி கிளம்பும் இடத்திலிருந்து குன்று இறங்கி முடியும் இடம் வரைக்குமான நேரம்தான் கியூடி. இதயத் துடிப்பின் வேகத்துக்கு ஏற்ப இதைத் திருத்திப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லிசெகண்ட் வரை பொதுவாகச் சரி. 500-ஐத் தாண்டினால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். ஆச்சிக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 60 என்பதால் திருத்தமே தேவைப்படவில்லை. எண்ணினேன்: 13 கட்டம், அதாவது 520.

ஏன் நீண்டது? நம் ஊர் வீடுகளில் முகப்பில் நின்றால் பின்கட்டு வரை நேராகத் தெரியுமல்லவா, இதயச் செல்லையும் அப்படி நினைத்துக்கொள்ளலாம். முகப்பு வழியாக சோடியமும் கால்சியமும் நுழையும்போது செல் சுருங்குகிறது. பின்கட்டு வழியாகப் பொட்டாசியம் வெளியேறினால்தான் அது அடங்கி அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அந்தப் பின்கட்டுக் கதவுகளில் முக்கியமான ஒன்றுக்கு ஹெர்க் என்று பெயர். (ஈதர் கொடுத்த பழ ஈக்களின் கால்கள் 'கோ-கோ' என்ற மேல்நாட்டு நடனம் ஆடுவது போலத் துள்ளியதைப் பார்த்து, ஈயின் மரபணு ஒன்றுக்கு விளையாட்டாக வைத்த 'ஈதர்-அ-கோ-கோ' என்ற பேரின் வாரிசு இது.) ஹெர்க்கின் உட்புறம் விசாலமானது. பலவகை மருந்து மூலக்கூறுகள் அதற்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும். ஹாலோபெரிடால், ஒன்டான்செட்ரான், கொஞ்சமாக சிப்ரோவும். நோய் வேறு வேறு, அடைக்கும் கதவு ஒன்று.

வயிற்றுப்போக்கோடு பொட்டாசியமும் போய்விட்டது. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் குறைந்தால் உள்ளே இருப்பது இன்னும் வேகமாக வெளியேறும் என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ்: ஹெர்க் வழியாக ஓடும் மின்னோட்டம் குறைந்துவிடுகிறது, மருந்தின் பிடியும் இறுகுகிறது.

செல் இப்படி அடங்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால், மூடிய கால்சியம் வாசல்கள் சில மறுபடி திறந்துகொள்ளும். நேரங்கெட்ட நேரத்தில் ஒரு துடிப்பு, அதன் பின்னால் வரிசையாக இன்னும் பல. அப்போது ஈசிஜி கோடு கைமுறுக்கு போலத் திருகித் திருகி ஓடும். 1966-இல் பிரான்சின் இதய மருத்துவர் டெசெர்டென் இதற்குத் 'தோர்சாத் த புவாந்த்', அதாவது முனைகளின் திருகல், என்று பெயர் வைத்தார். சில விநாடியில் தானாக நின்றால் மயக்கத்தோடு போகும். நிற்காவிட்டால் உயிரே போகலாம்.

மனநோய் மாத்திரைகள் எல்லாம் இதில் ஒரே மாதிரி இல்லை. தயோரிடசினை அதன் மூல நிறுவனம் 2005-இல் விலக்கிக்கொண்டது. ஜிப்ரசிடோனுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அரிபிப்ரசோல் இந்தக் கதவை அவ்வளவாகத் தொடுவதில்லை.

ஆச்சிக்கு மெக்னீசியமும் பொட்டாசியமும் ஏற்றினார்கள். புது மாத்திரைகள் இரண்டும் நின்றன, ஹாலோபெரிடாலையும் நிறுத்தி வைத்தார்கள். "இனி எதுவுமே வேண்டாம்" என்றார் மகன். மனநல மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தில்லாமல் பழைய குரல்கள் திரும்பி, ஆச்சி ராத்திரியில் தெருவில் நடந்த நாட்களை நினைவுபடுத்தி, அரிபிப்ரசோல் எழுதிக் கொடுத்தார்.

நான்காம் நாள் ஈசிஜியை மகனே விரல் வைத்து எண்ணினார். 11 கட்டம்.