ஷெரிஃப்: நட்சத்திரம் குத்திய நாடுகண்காணி

1881 ஏப்ரல் 28. நியூ மெக்சிகோவின் லிங்கன் ஊரில், பழைய கடையொன்றை நீதிமன்றமாக மாற்றியிருந்த மாடிக் கட்டடத்தில், கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற பேர்போன துப்பாக்கிக்காரன் பில்லி தி கிட் கைவிலங்கும் கால்விலங்குமாகக் கிடக்கிறான். மே 13 அன்று அவனுக்குத் தூக்கு. காவலுக்கு இரண்டு பேர். அவர்களில் ஒருவர் மற்ற கைதிகளைச் சாப்பாட்டுக்காகத் தெருவுக்கு எதிரிலிருந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போன நேரத்தில், பில்லி இன்னொருவரைச் சுட்டான். சத்தம் கேட்டு ஓடிவந்தவரை, அவருடைய துப்பாக்கியாலேயே மாடி ஜன்னலிலிருந்து சுட்டுவிட்டுக் குதிரையேறிப் போனான்.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். அந்த நேரத்தில் லிங்கன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஷெரிஃப் பாட் காரெட் எங்கே இருந்தார்? ஒயிட் ஓக்ஸ் என்ற சுரங்க ஊருக்கு வரி வசூலிக்கப் போயிருந்தார்.

நாட்டையே கலக்கிய கைதி பூட்டிக் கிடக்கும்போது போலீஸ் அதிகாரி எதற்கு வரி வசூலுக்குப் போகிறார்? இப்படிக் கேட்கத் தோன்றினால் குற்றம் நம் மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. கௌபாய் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர்கள் ஷெரிஃபை 'இன்ஸ்பெக்டர்' ஆக்கிவிடுகிறார்கள். சிலர் இன்னும் மரியாதையாக 'காவல் கண்காணிப்பாளர்' என்கிறார்கள். இரண்டும் பொருந்தாது. அந்தக் காலத்து லிங்கனில் ஷெரிஃப் பதவியோடு வரி வசூலும் சேர்ந்தே வந்தது. சிறைக்குப் பொறுப்பும் அவர்தான், தூக்கை நிறைவேற்ற வேண்டியவரும் அவர்தான். கோர்ட் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், கடன்காரன் சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடுவதும்கூட அவர் தலையில். நம் ஊர்க் கணக்கில் தாசில்தார், ஜெயிலர், கோர்ட் அமீனா, தலையாரி நாலு பேரையும் ஒரே சட்டைக்குள் திணித்து, மார்பில் ஒரு நட்சத்திரத்தைக் குத்தினால் ஷெரிஃப். போதாக்குறைக்கு அவர் தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி வர வேண்டும். எந்த இன்ஸ்பெக்டர் ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறார்?

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். பழைய ஆங்கிலத்தில் இது 'ஷீர்-யெரேவா' போல ஒலித்த கூட்டுச்சொல். முதல் பாதிக்குப் பொறுப்பு, ஆட்சிப்பகுதி என்று பொருள். அதுதான் இன்றைய 'ஷயர்'. இரண்டாம் பாதி 'ரீவ்': அரசனுக்காகவோ நிலக்கிழாருக்காகவோ ஓரிடத்தின் வரவுசெலவையும் வேலையாட்களையும் பார்த்துக்கொள்பவர். கிராமத்து ரீவ் என்றால் நம் மணியக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். ஷயர் முழுவதற்கும் ரீவ் ஆனவர் ஷயர்-ரீவ். வாயில் தேய்ந்து ஷெரிஃப் ஆனார்.

1066க்குப் பிறகு நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் ஷயருக்குத் தங்கள் பிரெஞ்சுப் பெயரைக் கொண்டுவந்தார்கள். அது கவுண்டி. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இரண்டும் தெரியும்: யார்க்ஷயர் ஆடுவது கவுண்டி கிரிக்கெட். இடத்துக்குப் பெயர் மாறிய பின்னும் அதிகாரி பழைய பெயரையே வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஷயர் என்று ஒன்றைத் தேடினால் சிரமம், ஷெரிஃப் மட்டும் பெரும்பாலும் கவுண்டிக்குக் கவுண்டி இருக்கிறார். லூசியானாவில் கவுண்டியும் கிடையாது, அங்கே அதற்குப் 'பாரிஷ்' என்று பெயர். ஆனாலும் ஷெரிஃப் உண்டு.

இங்கே ஒரு பொய் உறவைப் பிரித்துவிட வேண்டும். தமிழில் 'ஷெரீப்' என்று எழுதியதும் நமக்குத் தெரிந்த முஸ்லிம் பெயர் நினைவுக்கு வந்து, இது அரபிச் சொல்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த ஷரீப் வேறு. மேன்மையானவர், உயர்குடியில் பிறந்தவர் என்று அதற்குப் பொருள். ஒலி ஒன்றுபோல இருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், காரெட்டின் நியூ மெக்சிகோவில் இந்தப் பதவிக்கு அரபி உறவு உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் வேறு வாசல் வழியாக. அங்கே ஸ்பானிய மொழி பேசுவோர் ஷெரிஃபை 'அல்குவாசில்' என்பார்கள். அது 'அல் வஸீர்' என்ற அரபிச் சொல்லின் ஸ்பானிய வடிவம். நாம் வசீர் என்கிறோமே, அதே வசீர்தான்.

காரெட்டின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தச் சொல் நடமாடிய உலகம் தெரியும். 1850இல் அலபாமாவில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் லூசியானாவின் கிளெய்போர்ன் பாரிஷுக்குப் பெயர்ந்தது. தந்தை ஜான், அடிமைகளை வைத்துப் பருத்தி பயிரிட்டவர். தாய் எலிசபெத் ஆன், பிறந்த வீட்டுப் பெயர் ஜார்விஸ். உள்நாட்டுப் போர் முடிந்த சில வருடங்களில் இருவரும் போய்ச் சேர, தோட்டமும் கடனில் கரைய, மகன் மேற்கே கிளம்பினார். டெக்சாஸில் காட்டெருமை வேட்டை, பிறகு நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னர். ஆறடிக்கு மேல் ஓங்கிய ஆள் என்பதால் அங்கிருந்த ஸ்பானிய மொழிக்காரர்கள் 'ஹுவான் லார்கோ' என்றார்கள். நம் ஊராக இருந்தால் 'நெட்டையன்' என்று முடித்திருப்பார்கள்.

முதல் மனைவி சீக்கிரமே இறந்துவிட, 1880 ஜனவரியில் ஆன்டன் சிக்கோ என்ற ஊரில் அபொலினாரியா குட்டியெரெஸை மணந்தார். எட்டுப் பிள்ளைகள். பெயர்களைக் கவனித்தால் வம்சம் தேடுகிறவருக்கு ஒரு நூல்முனை கிடைக்கும்: ஒரு மகள் எலிசபெத், இன்னொருத்தி அன்னா, ஒரு மகன் ஜார்விஸ். லூசியானாவில் இறந்துபோன பாட்டியின் முழுப்பெயரும் பேரப்பிள்ளைகளிடம் பங்காகிவிட்டது. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வழக்கமா?

அதே 1880 நவம்பரில்தான் தேர்தலில் வென்றார். அன்றைய லிங்கன் கவுண்டியின் பரப்பு ஏறத்தாழ 27,000 சதுர மைல். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். இவ்வளவு இடத்துக்கும் ஒரே ஷெரிஃப், விரல்விட்டு எண்ணக்கூடிய உதவியாளர்கள், போக்குவரத்துக்குக் குதிரை. ஏப்ரலில் தப்பிய பில்லியை ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில் ஒரு இருட்டறையில் காரெட் சுட்டுக் கொன்றார். 'யார் அது?' என்று பில்லி ஸ்பானிய மொழியில் கேட்டது கடைசிப் பேச்சு.

பின்னாளில் தோன்யா ஆனா கவுண்டிக்கும் ஷெரிஃபாக இருந்தார். 1901இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை எல் பாசோவில் சுங்க வசூல் அதிகாரியாக நியமித்தார். ஆக, மறுபடியும் வசூல் வேலை! 1908 பிப்ரவரி 29இல் லாஸ் க்ரூசஸ் அருகே, வழியில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நான்தான் சுட்டேன் என்று ஒப்புக்கொண்டவர், தற்காப்பு என்று சொல்லி விடுதலையானார். பார்வையிழந்த மகள் எலிசபெத் பாடகியாக வளர்ந்தார். அவர் எழுதிய பாட்டை 1917இல் நியூ மெக்சிகோ தன் மாநிலப் பாடலாக ஏற்றது.

நம் பக்கமும் இந்தப் பதவி வந்ததுண்டு. 1726ஆம் ஆண்டு அரச சாசனத்தோடு சென்னைக்கு ஷெரிஃப் வந்தார். ஆரம்பத்தில் கோர்ட் வேலை, கடைசிக் காலத்தில் விருந்தினரை வரவேற்கும் கௌரவ வேலை. இப்போது சென்னையில் அந்தப் பதவி இல்லை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கையில் இதே வேலைகளைச் செய்தவருக்கு டச்சுக்காரர் விட்டுப்போன 'பிஸ்கால்' என்ற பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கோர்ட் வேலையை மட்டும் பார்த்தால் அமீனா போதும், ஆனால் அதுவும் அரபி. 'மாவட்டக் காவல் அதிகாரி' என்பது ஒரு கையை மட்டும் காட்டுகிறது. எனக்குப் பிடித்தது சோழர் கல்வெட்டில் கிடக்கிறது. அங்கே 'நாடு' என்றால் தேசம் இல்லை, சில ஊர்கள் சேர்ந்த ஆட்சிப்பகுதி. அதை மேற்பார்த்த அதிகாரம் 'நாடு கண்காணி நாயகம்' என்று கல்வெட்டுகளில் வருகிறது. ஷயருக்கு நாடு, ரீவுக்குக் கண்காணி. மொழிபெயர்க்கவே தேவையில்லாமல் இரண்டு பாதியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கண்காணி தேயிலைத் தோட்டத்துக்குப் போய்க் 'கங்காணி' ஆகிக் கெட்ட பெயர் வாங்கியது உண்மைதான். ரீவும் ஒன்றும் நல்ல பெயர் எடுத்தவரில்லை, நாட்டிங்ஹாம் ஷெரிஃபை ராபின் ஹூட் கதை கேட்ட குழந்தைக்கும் பிடிக்காது.

வரலாறு எழுதும்போது 'நாடுகண்காணி' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ஷெரிஃப் என்று சேர்த்துவிடுங்கள். வசனத்தில் அது வாயில் நுழையாது, அங்கே ஷெரிஃப் என்றே இருக்கட்டும். ஆனால் 'ஃ' போட்டு, 'ரி' குறிலாக எழுதுங்கள். நெடிலோடு 'ஷெரீப்' என்று எழுதுவதை அந்தப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் பாய்களுக்கு விட்டுவிடலாம்.