துப்பாக்கி வாங்கியாச்சு, பாலிசியைப் படிச்சாச்சா?

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். போன மாதம் டெக்சஸில், டாலஸை ஒட்டிய பிளேனோவில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் பாலிசி ரின்யூவல் பேசப் போயிருந்தேன். காபி டம்ளரைக் கீழே வைத்ததும் அந்தத் தம்பி குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, பக்கத்துத் தெருவுல ரெண்டு வீட்டுல நகை போயிடுச்சு. நானும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிட்டேன். வீட்டு இன்சூரன்ஸ்ல அதுக்கும் கவர் இருக்குல்ல?"

"எதுக்கு கவர்? துப்பாக்கி திருடு போனாலா, நீங்க யாரையாவது சுட்டாலா?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். வாங்கிய விஷயம் அவருக்குத் தெரியும். இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது.

திருட்டுக்கான பதில் சுலபம். பல பாலிசிகளில் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு உண்டு, வழக்கமான படிவத்தில் 2,500 டாலர். இரண்டாவதுக்குத்தான் பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்து வரச் சொன்னேன். ஆலங்கட்டி மழைக்கு ரூஃப் டிடக்டிபிள் (கம்பெனி தருவதற்கு முன் நம் கையிலிருந்து போகும் பங்கு) எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். டாலஸ்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதற்குக் கீழே, செக்‌ஷன் இரண்டில், கவரேஜ் ஈ, பெர்சனல் லயபிலிட்டி (நம்மால் அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் கம்பெனி தரும் தொகையின் உச்சவரம்பு) என்ற வரியை அவர் அன்றுதான் முதல்முறையாகப் படித்தார்: 100,000 டாலர். வீடு வாங்கிய அவசரத்தில் யாரோ போட்டுக்கொடுத்த தொகை. அப்படியே கிடக்கிறது.

அந்தத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லூசியானாவின் பேட்டன் ரூஜ் ஞாபகத்துக்கு வரும். 1992 அக்டோபர். யோஷிஹிரோ ஹத்தோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன், ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பி, வீடு மாறி இன்னொரு வீட்டு வாசலில் நின்றான். வெள்ளை கோட்டு சூட்டு வேஷம். கதவைத் திறந்த பெண்மணி பயந்துபோய்க் கணவரிடம் துப்பாக்கியை எடுக்கச் சொன்னார். அவர் "ஃப்ரீஸ்" என்று கத்தியதும், சரியாக ஆங்கிலம் பிடிபடாத பையன் முன்னால் வந்ததும், ஒரே தோட்டாவும் எல்லாம் சில விநாடிகளில் முடிந்தன. 1993இல் ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. ஊரில் பலர் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். 1994இல் பையனின் பெற்றோர் தொடுத்த சிவில் வழக்கில் அதே மனிதர் சுமார் 650,000 டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வந்தது 100,000 மட்டும்.

கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். சிவிலில் தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். 1984இல் நியூயார்க் சப்வேயில் நால்வரைச் சுட்ட பெர்னார்ட் கெட்ஸ், கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து 1987இல் விடுதலையானார். 1996இல் சிவில் ஜூரி விதித்தது 43 மில்லியன் டாலர். அவர் திவால் மனு போட்டார்.

"டெக்சஸ்ல அப்படி இல்லையே அண்ணா" என்றார் தம்பி. பாதி சரி. நியாயமான தற்காப்பு என்றால் சிவில் பொறுப்பிலிருந்தும் இங்கே சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் அது நியாயமான தற்காப்புதான் என்று காட்டுவது யார் வேலை? உங்கள் வக்கீல் வேலை. அவருக்கு மணிக்கணக்கில் பீஸ்.

இனி பாலிசியின் சூட்சுமம். லயபிலிட்டி காப்பீடு விபத்துக்கானது. கைதவறிக் குண்டு பாய்ந்தாலும், குழந்தை எடுத்து விளையாடி எதாவது ஆனாலும் பொதுவாக அது விபத்துக் கணக்கில் வரும். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரம் 2023 முதல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயமாக்கிய காப்பீடும் இந்த மாதிரி கவனக்குறைவுக்குத்தான். தற்காப்பு அப்படியில்லை. "வேறு வழியில்லை, தெரிந்தேதான் சுட்டேன்" என்று நீங்கள் கோர்ட்டில் சொல்லியாக வேண்டும். "வேண்டுமென்றே விளைவித்த காயத்துக்குப் பணம் தரமாட்டோம்" என்று பாலிசி சொல்கிறது. ஜெயிலிலிருந்து காப்பாற்றுகிற வாக்கியமே காப்பீட்டிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

இதற்காகத்தான் பல படிவங்களில் அந்த விலக்குக்குக் கீழேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஆளையோ சொத்தையோ காக்க நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தியிருந்தால் இது பொருந்தாது என்று. எல்லா நிறுவனமும் போடுவதில்லை. இருந்தாலும் "நியாயமான அளவு" என்ற சொல்லில்தான் சண்டையே. தற்காப்பு என்று தவறாக நினைத்துத் தாக்கினாலும் அது விபத்தாகாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2009இல் ஒரு கைகலப்பு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே வழக்கு வந்ததும் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வரலாம்: இப்போதைக்கு உங்களுக்காக வாதாடுகிறோம், பணம் கொடுப்போமா என்பதைப் பிறகு முடிவு செய்வோம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கிரிமினல் வக்கீல் பீஸ், ஜாமீன் இவற்றை வீட்டு பாலிசி தொடாது. அந்த ஓட்டையை அடைக்கத்தான், சந்தா கட்டினால் தற்காப்பு வழக்கின் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று உறுப்பினர் திட்டங்கள் விற்கிறார்கள். எனக்கு அவற்றின் மேல் பெரிய பிரியமும் இல்லை, வெறுப்பும் இல்லை. விளம்பரத்தை விட்டுவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். வக்கீலுக்கு முன்பணம் தருவார்களா, விடுதலையான பிறகுதான் தருவார்களா? குற்றவாளி என்று தீர்ப்பானால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா? வக்கீல் யார் தேர்வு? துப்பாக்கி சங்கமான என்ஆர்ஏ 2017இல் கொண்டுவந்த 'கேரி கார்ட்' திட்டம் நியூயார்க் சட்டத்துக்கு விரோதம் என்று அம்மாநிலக் காப்பீட்டுத் துறை சொன்னது. 2018இல் அதை விற்ற தரகு நிறுவனம் லாக்டன் 7 மில்லியன், பின்னால் நின்ற காப்பீட்டு நிறுவனம் சப் (Chubb) 1.3 மில்லியன் டாலர் அபராதம் கட்டின. டெக்சஸில் செல்லுவது பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு வீட்டு பாலிசியை நம்பாதீர்கள், தொழில் சம்பந்தப்பட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். கடை பாலிசியில் அடிதடிக்கென்றே தனி விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கடைகளுக்கு விற்கும் மலிவு பாலிசிகளில் நான் அதை அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொன்று, நம்மவர்களிடம் கட்டாயம் கேட்பது: கிரீன் கார்டு வந்தாச்சா? எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக வேலை, படிப்பு விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்றதைக் கேட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் கிரீன் கார்டுகூட நிற்காது. இதற்கு என்னிடம் வராதீர்கள், இமிக்ரேஷன் வக்கீலிடம் போங்கள்.

தம்பிக்கு கிரீன் கார்டு உண்டு. லயபிலிட்டியை 500,000 ஆக்கி, அது தீர்ந்தால் மேற்கொண்டு கைகொடுக்கும் அம்ப்ரெல்லா பாலிசி ஒன்றை ஒரு மில்லியனுக்குப் போட்டோம். அம்ப்ரெல்லாவிலும் தற்காப்புக்கான அந்த விதிவிலக்கு வாசகம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் போட்டேன். மாதக் கணக்கில் பார்த்தால் குடும்பத்தோடு ஒருநாள் வெளியே சாப்பிடும் செலவு.

கிளம்பும்போது அவர் மனைவி கேட்டார்: "அண்ணா, பின்வீட்டுப் பையன் பந்து எடுக்க இருட்டினப்புறமும் எங்க கராஜ் பக்கம் வருவானே?"

யாரும் பதில் சொல்லவில்லை. ராத்திரி தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது. கராஜில் ஆள் வந்தால் தானே எரிகிற விளக்கு மாட்டிவிட்டாராம். துப்பாக்கிக்கு நம்பர் பூட்டு போட்ட பெட்டி ஆர்டர் செய்திருக்கிறார், வியாழக்கிழமை வரும்.