மானியம் கைக்கு வராது, கடன்தான் வரும்

மறுபடியும் ஒரு காபி மெஷின். ஏற்காட்டுப் பக்கத்து இளைஞர், வேலை போய் ஊர் திரும்பியவர், காபிக் கொட்டை வாங்கி வறுத்து அரைத்து விற்கலாம் என்று முடிவெடுத்தார். நல்ல முடிவு. ஆனால் அரசு மானியத்தோடு வரும் தொழில் கடனுக்கு விண்ணப்பம் போட்ட கையோடு வட்டிக்கு வாங்கி மெஷினை இறக்கிவிட்டார். "எப்படியும் 35 பர்சென்ட் மானியம் வருமே, அதில் அடைத்துவிடலாம்" என்பது கணக்கு. கடன் அனுமதிக்கு முன்னால் வாங்கிய அந்த மெஷின் திட்ட மதிப்பில், அதாவது கடனுக்கும் மானியத்துக்கும் கணக்கில் எடுக்கும் செலவில், சேராது. சேலம், ஆத்தூர், இளம்பிள்ளை என்று எங்கிருந்து வந்தாலும், கடனுக்கான திட்ட அறிக்கை போட எங்களிடம் வருகிறவர்களில் பலர் வாங்கி முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அப்போது எங்களால் செய்ய ஒன்றுமில்லை. இன்னும் வாங்காதவர்களாவது படியுங்கள்.

மானியம் என்றால் அரசு உங்கள் கையில் கொடுக்கும் பணம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திட்ட மதிப்பு 10 லட்சம் ரூபாய், விண்ணப்பிப்பவர் சிறப்புப் பிரிவு (பெண்கள், பிற்படுத்தப்பட்டோர் போன்றோர்), இடம் கிராமப்புறம் என்று வைப்போம். சொந்தப் பணம் 5 சதவீதம், 50,000 ரூபாய். மீதி 9.5 லட்சமும் வங்கிக் கடன். மானியம் 35 சதவீதம், 3.5 லட்சம். இந்த 3.5 லட்சம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வராது. கடன் கொடுத்த கிளையில் உங்கள் பெயரில் 3 ஆண்டு டெபாசிட்டாகக் கிடக்கும். நீங்கள் அதைத் தொட முடியாது. அதற்கு வட்டி இல்லை. அதற்குச் சமமான கடன் தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. 3 ஆண்டு முடிந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் அது கடனில் கழியும். நடுவில் கடையைப் பூட்டினால் மானியம் அரசுக்குத் திரும்பிவிடும், கடன் மட்டும் உங்கள் தலையில் நிற்கும்.

ஆக, உங்களுக்கு மிஞ்சும் உண்மையான கடன் 6 லட்சம். 11 சதவீத வட்டி, 5 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 13,000 ரூபாய். வறுத்த தூளை விற்று, கொட்டைக்கும் கரண்டுக்கும் கேஸுக்கும் வாடகைக்கும் போக, மாதம் 13,000 நிற்குமா? வீட்டுச் செலவுக்கு அதற்கு மேலும் நிற்குமா? மானியம் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதில் மானியமே கிடையாது. 'முத்ரா மானியம் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது வரிசை. இணையத்தில் விண்ணப்பம், மாவட்டத் தொழில் மையத்தின் பரிந்துரை, வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், சொந்தப் பங்கைக் கட்டுவது, தொழில்முனைவோர் பயிற்சி, அதன் பிறகு வங்கியே மெஷின் விற்பவருக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது. இதில் எந்த இடத்திலும் நீங்கள் முந்திக்கொண்டு பொருள் வாங்க வேண்டியதில்லை. தேவை கொட்டேஷன், அதாவது விற்பவர் எழுதித் தரும் விலைப்புள்ளி மட்டும்தான். ஜி.எஸ்.டி. எண் உள்ள விற்பனையாளரிடம் வாங்குங்கள். மலைக்கு ஏற்றும் வண்டி வாடகை, பொருத்தும் கூலி இரண்டும் அதில் தனியாக எழுதப்பட்டிருக்கட்டும்; பிறகு கேட்டால் வங்கி கூட்டித் தராது.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவிலும் இதே அவசரம்தான். தொழில் தொடங்கிய தேதி என்ற கட்டத்தில் போன வருடத் தேதியைப் போட்டு விடுகிறார்கள். பி.எம்.இ.ஜி.பி.யின் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கிற தொழில் என்று உங்கள் சான்றிதழே சாட்சி சொன்னால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. உத்யம் பதிவு இலவசம் என்பதும் நினைவிருக்கட்டும்.

யார் எந்தப் பிரிவு என்பதிலும் பணத்தை விட்டுவிடுகிறார்கள். நம் பி.சி., எம்.பி.சி. மக்களில் பெரும்பாலோர் மத்தியப் பட்டியலில் ஓ.பி.சி.தான்; அவர்கள் சிறப்புப் பிரிவு. பெண்களும் எந்தச் சாதியானாலும் சிறப்புப் பிரிவு. இதெல்லாம் தெரியாமல் 'பொது' என்று டிக் செய்தால் சொந்தப் பங்கு 10 சதவீதம் ஆகும், மானியம் 10 சதவீதம் குறையும். இடத்தைப் பொறுத்தும் மாறும்: சேலம் மாநகராட்சிக்குள் என்றால் சிறப்புப் பிரிவுக்கு 25 சதவீதம், ஊராட்சிப் பகுதி என்றால் 35. இதற்காகச் சித்தப்பா வீட்டுக் கிராம முகவரியைக் கொடுத்துவிட்டு செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை போடாதீர்கள். நேரில் பார்க்க வருவார்கள், மானியம் போகும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழ்பவர்களுக்குத் தனியாக இரண்டு. காபித் தோட்டம் போடுவதும் செடி வளர்ப்பதும் பி.எம்.இ.ஜி.பி.யில் வராது. வறுப்பது, அரைப்பது, பாக்கெட் போடுவது வரும். திட்ட அறிக்கையில் 'காபி சாகுபடி' என்ற சொல்லே இருக்கக் கூடாது. மலையாளிப் பழங்குடியினர் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் பாருங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான அதில் 35 சதவீத மானியத்தோடு வட்டியில் 6 சதவீதம் சலுகை உண்டு, கல்வித் தகுதி கேட்பதில்லை, நடக்கிற தொழிலை விரிவாக்கவும் வாங்கலாம். சாதிச் சான்று கையில் இல்லையென்றால் மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதற்கு விண்ணப்பியுங்கள்.

திட்ட அறிக்கை எழுதும் எங்கள் தொழிலில் இருப்பவர்களே கோட்டை விடுவது நடைமுறை மூலதனத்தில், அதாவது சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டத் தேவையான பணத்தில். அறிக்கை முழுக்க மெஷின் விலையாகவே இருக்கும். ஏற்காட்டில் காபி அறுவடை குளிர்காலத்தில். வருடத்துக்கான கொட்டையை அந்தச் சில மாதங்களில் கைக்காசு கொடுத்துப் பிடிக்க வேண்டும். அதற்குப் பணம் எழுதாவிட்டால் மெஷின் சும்மா நிற்கும், தவணை நிற்காது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டியும் எழுதாதீர்கள். 3 ஆண்டுக்குள் ஒருமுறையாவது நடைமுறை மூலதனக் கடன் வரம்பை முழுதாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும், சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மானியத்தில் அந்தப் பங்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகை வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400, அதுவும் 3 ஆண்டு மட்டும். சின்னத் தொகைதான், ஒரு வீட்டில் அது அரிசிக் காசு என்பதும் தெரியும். ஆனால் சுயதொழிலில் இருப்பவருக்கு அது கிடையாது. எந்த வேலையிலும் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள். தொழில் தொடங்கும் மாதத்தில் எழுத்தில் தெரிவித்து நிறுத்திவிடுங்கள். விண்ணப்பம் போட்டதற்கே நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் விண்ணப்பிக்காமலே இருப்பவர்களும் உண்டு.

வங்கியில் இழுத்தடித்தால்? 10 லட்சம் வரையிலான குறுந்தொழில் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் பணிவாக, எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பாதிப் பேருக்கு உண்மையான காரணம் பழைய பைக் தவணையோ குழுக் கடனோ செல்போன் ஆப்பில் வாங்கிய 5,000 ரூபாயோதான். பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் சிபில் அறிக்கையை விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துப் பாருங்கள். உங்கள் மேல் தவறில்லை என்றால் மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுங்கள், அதன் நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

'மானியத்தில் 10 சதவீதம் கொடு, முடித்துத் தருகிறேன்' என்கிற புரோக்கருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்கே நேரில் போங்கள். ஆதார், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.